தாத்தாவின் இரட்டைக்குழல்: துடைப்பதும் தொடாமல் விடுவதும்



தமிழ்நாட்டிலும் கொடகிலும் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தாத்தா வாங்கியது, அல்லது தாத்தாவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் ‘ஓக்ஸ் கம்பெனி, மதராஸ்’ என்றோ ‘பி. ஆர் அண்ட் சன்ஸ்’ என்றோ எழுத்து பொறித்திருக்கும். கல்கத்தாவிலிருந்து வந்ததென்றால் மான்ட்டன், ராடா போன்ற பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை அந்த ஊரிலேயே செய்தார்கள் என்று வீட்டார் நம்பிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அது விற்ற கடையின் பெயர்தான். செய்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் குழல்களைக் கழற்றித் திருப்பி, தோட்டா அறைகளின் அடியில் தட்டையாக இருக்கும் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கிரீடமும் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் தெரிந்தால், துப்பாக்கி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனைச்சாலையைத் தாண்டி வந்தது என்று பொருள்.

அந்தச் சோதனைச்சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியாக ஏற்பட்டது. வழக்கமான அளவைவிட அதிக மருந்தை வைத்து வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவார்கள். லண்டன் முத்திரைகள் வேறு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை ஒரு முட்டை வடிவ வளையம். அதற்குள் மூன்று எழுத்துகள், அடியில் ஒரு நட்சத்திரம். 1893க்குப் பிறகு குத்தியதென்றால் வளையத்தின் மேல் ஒரு கிரீடமும் உண்டு.

இப்படிப்பட்ட துப்பாக்கியை வீட்டில் வைத்துச் சுத்தம் செய்வதும் பழுதுபார்ப்பதும் எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தத் துப்பாக்கிகள் வேட்டையாடிக் கெட்டதைவிட, பாசத்தோடு துலக்கப்பட்டுக் கெட்டது அதிகம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை ஏறக்குறைய நின்றுபோனது. அதற்குப் பிறகு அலமாரியில் கிடந்த துப்பாக்கியை ஏதோ ஒரு விடுமுறையில் பேரன் எடுக்கிறார். பழுப்பேறிய குழலைப் பார்க்கிறார். உப்புத்தாளோ பாலிஷோ கையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் குழல் வெள்ளி போலப் பளபளக்கிறது, நூறு வருஷத்து வேலைப்பாடு போய்விடுகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டில் எதுவரை போகலாம் என்ற எல்லையை அதுதான் போடுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உரிமதாரர் தன் துப்பாக்கியைத் துடைக்கலாம், எண்ணெய் போடலாம், கட்டைக்கு மெருகு கொடுக்கலாம். உடைந்த வில்லை மாற்றுவது, விசையைச் சரிசெய்வது, குழலை உள்ளே தீட்டுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்தின் வேலை. குழலைக் குட்டையாக்குவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, அது 6ஆவது. அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 8ஆவது பிரிவின்படி குற்றம். உப்புத்தாள் பிடித்த கைக்கு இந்தக் கடைசி விஷயம் நினைவிருக்க வேண்டும். உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண், தேய்ந்த இரும்பில் படிக்க முடியாமல் போனால், அடுத்த புதுப்பித்தலின்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமதாரர்தான்.

உரிமதாரர் காலமாகிவிட்டால் நிலைமை வேறு. வாரிசுக்கு உரிமம் கிடைக்கும் வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது 21ஆம் பிரிவு. துக்க வீட்டில் இது நினைவுக்கு வராது என்பது உண்மைதான். ஆனாலும் பதினாறாம் நாள் முடிந்து அலமாரியைத் திறக்கும்போது முதலில் தேட வேண்டியது எண்ணெய்ப் புட்டியை அல்ல, உரிமப் புத்தகத்தை.

சரி, உரிமம் இருக்கிறது, துப்பாக்கி கையில் இருக்கிறது. முதல் வேலை அது காலியா என்று பார்ப்பது. ‘முப்பது வருஷமாக யாரும் தொடவில்லை’ என்ற பேச்சு எதையும் நிரூபிக்காது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தொட்டவர் தோட்டாவை எடுத்தாரா என்பதுதான் கேள்வி. மடக்கித் திறக்கும் துப்பாக்கியென்றால், வாயை ஆளில்லாத திசையில் வைத்துக்கொண்டு மேலே உள்ள நெம்பைத் தள்ளித் திறந்து, இரண்டு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் அப்படித் திறந்து பார்க்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. முகத்தையும் உடம்பையும் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் குறி வைத்து எடுக்க வேண்டும். குச்சியைக் குழலின் வெளிப்புறத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தால், அதன் நுனி ஏறக்குறைய, குதிரை அடித்ததும் பொறி தரும் கேப்பு உட்காரும் இடம் வரை வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் ரவையும் இருக்கின்றன என்று கொள்ள வேண்டும். பரணில் கிடக்கும் இத்தகைய துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே இருப்பது அபூர்வம் அல்ல. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். அந்தத் துப்பாக்கி அப்படியே கன்ஸ்மித்திடம் போக வேண்டும்.

குதிரை வெளியே தெரியும் பழைய மாதிரிகளில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1860களின் கடைசியில்தான், அடித்தவுடன் குதிரை தானாகப் பின்வாங்கும் பூட்டு வந்தது. அதற்கு முந்தைய வகையில், குதிரையைப் பாதி இழுப்பில் நிறுத்திவிட்டுத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிமுள் முன்னாலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். இது தெரியாமல் பலவந்தமாகத் திறந்து முள்ளை வளைத்துவிடுவார்கள்.

எண்ணெய்த் துணியை எடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பது நல்லது. முத்திரைகள், எண், பட்டையில் உள்ள எழுத்து, கட்டையில் உள்ள வெடிப்பு, எல்லாம் பகல் வெளிச்சத்தில். பிறகு அந்த முத்திரைகளை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நாட் ஃபார் பால்’ என்ற ஆங்கிலச் சொற்கள் இருந்தால், குழல் வாயில் சற்றே குறுகுகிறது, ஒற்றைக் குண்டு போடக் கூடாது என்று பொருள். அது 1875க்கும் 1887க்கும் இடையில் வழங்கிய முத்திரை. அந்த மூன்று சொற்களிலிருந்தே துப்பாக்கியின் வயதை ஒரு பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குள் சொல்லிவிடலாம். புகையில்லா மருந்தைக் குறிக்கும் ‘நைட்ரோ’ என்ற சொல்லோ 1904க்குப் பிந்தைய அதன் சுருக்க எழுத்துகளோ இல்லையென்றால், அந்தக் குழலைக் கரிமருந்துக்கு மட்டும்தான் சோதித்திருக்கிறார்கள். இதன் விளைவு என்ன என்பது பின்னால் வருகிறது.

இப்போது குழலுக்கு வருவோம். விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல இரட்டைக்குழல்களில் பல டமாஸ்கஸ் குழல்கள். இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்து, அந்தத் தண்டைத் திருகாகத் திருகுவார்கள். அப்படித் திருகிய இரண்டு மூன்று தண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி நாடாவாக்குவார்கள். நாடாவை ஓர் இரும்புக் கோலின்மேல் சுருளாகச் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடித்தால் குழல் உருவாகும். பிறகு உள்ளே துளைத்து, வெளியே அராவி எடுப்பார்கள். லியேஜுக்கு அருகே வெஸ்தர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக இதே தொழில் நடந்தது. பர்மிங்ஹாம்காரர்களும் அங்கிருந்து குழல்களை வரவழைத்தார்கள். 1914இல் போர் வந்ததும் அந்தத் தொழில் விழுந்தது, பிறகு பழையபடி எழவே இல்லை.

நம் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு தவறான பெருமிதம் உண்டு. சேலம் வட்டாரத்திலும் கொங்கு நாட்டிலும் மூசையில் உருக்கி எடுத்த எஃகு உலகப் புகழ் பெற்றது. கொடுமணல் அகழாய்விலும் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகில் அடித்த வாள்களுக்கும் டமாஸ்கஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் துப்பாக்கிக் குழலில் தெரியும் வரிகள் வேறு வழியில் வந்தவை. வாளின் வரி எஃகு ஆறும்போது உள்ளுக்குள்ளேயே படிவது. குழலின் வரி, இரண்டு உலோகங்களைத் திருகி அடித்ததால் விழுவது. நம் உலைக்காரர்களின் பெருமைக்கு இந்தக் குழல்களைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை, அவர்களுக்கு வேறு நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

அந்த வரியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் குழலை ஒரு முறை துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெறும் பழுப்பாகத் தெரிந்த இடத்தில் சின்னச் சின்னச் சுழிகள் எழும்பும். கம்பிக்கோலத்தின் இழைகள் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, குழலைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வாய்வரை போகும். ஒரு இழை கருமை, அடுத்த இழை வெளிர் பழுப்பு. கை அதிகம் படாத முன்கட்டைக்கு அடியில் இது இன்னும் தெளிவாக இருக்கும். பல குடும்பங்களில் அந்த இடத்தை யாரும் திறந்து பார்த்ததே இருக்காது.

அந்தப் பழுப்பு நிறம் துரு. குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து உண்டாக்கிய நிறம். எண்ணெய்ப் பசை நீக்கிய குழலில் ஒரு திரவத்தைப் பூசி, ஈரமான பெட்டிக்குள் வைத்து, மெல்லிய துரு படர்ந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடியும் பூசி, மறுபடியும் தேய்த்து, நாள்கணக்கில் செய்வார்கள். இரும்பு ஒரு விதமாகவும் எஃகு ஒரு விதமாகவும் நிறம் பிடிக்கும். வரி வெளியே தெரிவது அப்படித்தான். ஆகவே ‘துருவை எடுக்கிறேன்’ என்று உப்புத்தாள் போடுகிறவர், கெட்ட துருவோடு சேர்த்து நல்ல துருவையும் எடுத்துவிடுகிறார். கெட்ட துரு செம்மண் நிறத்தில், தொட்டால் பொடியாக உதிரும், அடியில் குழி பறிக்கும். நல்ல துரு மழமழவென்று ஒட்டிக்கொண்டிருக்கும், விரலில் ஒட்டாது. இந்த வித்தியாசம் விரலுக்குப் பழகிவிட்டால் வீட்டு வேலையில் பாதி பிழைகள் நின்றுவிடும்.

பூட்டின் பக்கத் தகடுகளில் இதைவிட மென்மையான ஒரு நிறம் இருக்கும். எலும்புக்கரியில் வைத்துச் சூடேற்றி, தண்ணீரில் தோய்த்து மேற்பரப்பைக் கடினமாக்கும்போது, நீலமும் ஊதாவும் வைக்கோல் நிறமும் கலந்து திட்டுத்திட்டாகப் படியும். மிக மெல்லிய படலம் அது. வெயிலிலேயே வெளுக்கும், பாலிஷ் பட்டால் ஒரே தேய்ப்பில் போய்விடும். நெம்புக்கு அடியிலும் இடுக்குகளிலும் மட்டும் மிச்சமிருக்கும் அந்த நீலத்தைப் பார்த்துத்தான் துப்பாக்கி புதிதில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும்.

எதைத் தொடக் கூடாது என்று பார்த்தால், நம் வீடுகளில் கைக்கு எட்டும் பொருள்களில் பாதி அதில் அடங்கும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை துப்பாக்கிக்கும் புளியைத் தேடும். புளியும் எலுமிச்சையும் அமிலம். நல்ல துருவைக் கரைத்து, வெறும் உலோகத்தை வெளியே விட்டுவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசினாகும். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகிற எண்ணெய். குன்னூரிலோ மடிக்கேரியிலோ டிசம்பர் இரவில் பூட்டுக்குள் அது மெழுகாகிவிடும். விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் அப்படித்தான், பிசினாகிவிடும். சமையலறை எண்ணெய் எதுவும் வேண்டாம். தையல் மிஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம், எந்த ஊரிலும் கிடைக்கும். அந்தக் காலத்தில் பர்மாவில் பூமியிலிருந்து எடுத்த எண்ணெயை ரங்கூன் எண்ணெய் என்ற பெயரில் துப்பாக்கிகளுக்குப் பூசினார்கள். அதுவும் கனிம எண்ணெய் வகைதான்.

செய்முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து, பழைய துணி விரித்த மேஜைமேல் வைக்க வேண்டும். துடைக்கும் கோலைத் தோட்டா அறைப் பக்கமிருந்து நுழைக்க வேண்டும், வாய்ப்பக்கமிருந்து விட்டால் விளிம்பு தேயும். முதலில் வெறும் துணி, பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணி, பிறகு வெண்கலத் தூரிகை. தூரிகையை நடுவில் திருப்பாமல் மறுமுனை வரை தள்ளிவிட்டு இழுக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக வருவது ஈயம். அது நிற்கும் வரை செய்யலாம்.

கரிமருந்தோ பழைய கேப்புகளோ பயன்பட்ட துப்பாக்கிக்கு எண்ணெய் மட்டும் போதாது. அந்தக் காலத்துக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒரு வகை உப்பாக, குழலுக்குள் படிந்துவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உட்கார்ந்து அது அரிக்கும் என்பதால்தான், நன்றாக எண்ணெய் போட்டு வைத்த குழல்களும் உள்ளே குழிவிழுந்து கிடக்கின்றன. இதற்கு மருந்து வெந்நீர். கழற்றிய குழல்களின் உள்ளே மட்டும் கொதிக்கும் நீரை ஊற்றி, கழுவி, சூடு ஆறுவதற்குள் உலர்ந்த துணியால் துடைத்து, உடனே எண்ணெய் கொடுக்க வேண்டும். இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று வீட்டில் எதிர்ப்பு வரும். பழைய வேட்டைக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள், அவர்கள் குழல்கள் பிழைத்தன.

வெளிப்புறத்தில் சிவந்த துருப்புள்ளி இருந்தால் அதன்மேல் எண்ணெய் வைத்து ஒரு நாள் ஊறவிட்டு, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மிருது, குழலைக் கீறாது. புள்ளி போனதும் நிறுத்திவிட வேண்டும். அடியில் இருக்கும் பழுப்பு அப்படியே இருக்கட்டும்.

குழல்கள் கையில் தனியாக இருக்கும்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடியிலுள்ள கொக்கியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டிக் காம்பால் மெல்லத் தட்ட வேண்டும். இரண்டு குழல்களையும் பட்டையையும் சேர்த்த ஈயப்பற்று சரியாக இருந்தால், ஒலி தெளிவாக எழும்பிக் கொஞ்ச நேரம் நின்று அடங்கும். பற்று விட்டிருந்தால் பொத்தென்று ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். விட்ட இடத்தில் ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழலை அரித்துக்கொண்டிருக்கும். அதைத் திரும்பப் பற்றவைப்பது வீட்டு வேலை அல்ல. கடையில் ‘புளூயிங் போட்டுத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், கொதிக்கும் காரக் கரைசலில் முக்குவதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்தக் காரம் ஈயப்பற்றைத் தின்றுவிடும். புதிய ஒற்றைக்குழலுக்கு அது பொருந்தலாம், பற்றவைத்த பழைய இரட்டைக்குழலுக்கு ஆகாது.

கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். இங்கே வரும் கேடு எண்ணெய் குறைவதால் வருவதைவிட மிகுவதால் வருவது அதிகம். பூட்டுக்குத் தாராளமாக எண்ணெய் ஊற்றி, துப்பாக்கியை வாய் மேலே இருக்கும்படி அலமாரியில் நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஊறும். பல வருஷத்தில் அந்த மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதிகிற அளவுக்கு மிருதுவாகிவிடும். பிறகு ஒரே அதிர்ச்சியில் பூட்டுக்குப் பின்னால் வெடிப்பு விழும். ஆகவே பூட்டுக்கு ஒரு சொட்டு போதும். நிறுத்தி வைப்பதென்றால் வாய் கீழே இருக்கட்டும். ஊறிய எண்ணெயை எடுக்கச் சுண்ணக்கட்டிப் பொடியை ஆவியாகும் கரைப்பானில் குழைத்துப் பூசி, உலர்ந்து உறிஞ்சியதும் தட்டிவிடுவார்கள். பல தடவை செய்ய வேண்டியிருக்கும்.

மரத்தில் அமுங்கிய வடுவை ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் சூடு காட்டினால் நார் எழும்பி வரும். வெட்டு விழுந்த வடு எழும்பாது. பிடியில் இருக்கும் கட்டம் கட்டமான செதுக்கலைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கு நீக்கினால் போதும். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய், அதுவும் உள்ளங்கையில் நாலு சொட்டு, சூடு பறக்கத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு மறுநாள் இன்னொரு தடவை. வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. உலரும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ வெளியே போட வேண்டும்.

அடுத்து திருகாணிகள். ஆசை இங்கேதான் தூண்டும். நல்ல துப்பாக்கியில் திருகாணித் தலையின் பிளவு மயிரிழை அளவு மெல்லியதாக, குழலின் திசைக்கு நேராக நிற்கும்படி அமைத்திருப்பார்கள். கடையில் வாங்கிய ஸ்க்ரூடிரைவர் அந்தப் பிளவுக்குள் நுழையாது, நுழைந்தால் வழுக்கி விளிம்பைச் சிதைக்கும். ஒரு துப்பாக்கியை முன்னால் யார் திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள கன்ஸ்மித் முதலில் பார்ப்பது இந்தத் தலைகளைத்தான். உள்ளே இருக்கும் வில், வளைந்த தட்டை எஃகு. அதற்குரிய கிடுக்கி இல்லாமல் எடுத்தால் உடையும், தெறித்துக் கண்ணில் படும். முன்கட்டையும் குழலும் கையால் கழல்பவை. அதற்கு மேல் கழற்றாமல் விடுவதே வீட்டில் செய்யக்கூடிய நல்ல பழுதுபார்ப்பு. குழலுக்கும் முகப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா, மூடிய பிறகும் ஆடுகிறதா, கட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு, எழுதியதோடு கன்ஸ்மித்திடம் போகலாம். வேறொருவர் கொண்டுபோவதென்றால் உரிமதாரரின் எழுத்து மூலமான அனுமதி உடன் இருக்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு முறை இந்தக் காரியத்தைக் குடும்பமே சேர்ந்து செய்யும் ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கொடகில் வாழும் கொடவர்கள் நாற்று நடவுக் காலத்தில் ஆயுதங்களைத் தொடுவதில்லை. வயல் வேலை முடிந்து, செப்டம்பர் 3ஆம் தேதி வரும் கைல்போல்து பண்டிகையன்று, துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெயிட்டு, வீட்டின் பூஜையறையில் வைத்து, செங்காந்தள் பூவைச் சூட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு வெடி என்பது அங்கே மரபு. கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை வைத்திருப்பவர்களுக்கும் உரிம விலக்கு பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை ஓய்கிற சமயத்தில், நாலு மாத ஈரம் குழலில் உட்கார்வதற்கு முன், குடும்பத்தின் எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே நாளில் வெளியே வந்து துடைக்கப்படுகின்றன. பராமரிப்புக்கு இதைவிடச் சரியான நாளைக் குறிக்க முடியாது.

நம் ஆயுத பூஜையிலும் துப்பாக்கி வெளியே வரும். அங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. குழைத்த சந்தனம் ஈரமானது, குங்குமத்தை அதன்மேல் வைத்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விஜயதசமி முடிந்தும் துடைக்காமல் அலமாரிக்குள் போன துப்பாக்கியில், பொட்டு வைத்த வட்டத்தின் அளவுக்கே துரு விழுந்திருக்கும். பொட்டைக் கட்டையில் வைக்கலாம், அல்லது மாலையிலேயே துடைத்து எண்ணெய் கொடுத்துவிடலாம். தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கிக்கும் இதே கவனம் வேண்டும். பல வாரம் ஒரே அறையில் அடுக்கிக் கிடந்துவிட்டு வருகிறது. கொடுக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு கொடுத்து, வந்த அன்றைக்கே பிரித்துத் துடைக்க வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். தோலுறை அழகாகத்தான் இருக்கும், ஆனால் பதனிட்ட தோல் ஈரத்தையும் அமிலத்தையும் வைத்திருக்கும். எடுத்துக்கொண்டு போக அது சரி, மாதக்கணக்கில் உள்ளே வைக்க ஆகாது. பூட்டிய இரும்பு அலமாரிக்குள், உலர்ந்த துணியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். கடலோர ஊர்க்காரர்கள் எண்ணெய்க்கு மேல் அருங்காட்சியகங்களில் பூசும் நுண்படிக மெழுகைப் பயன்படுத்தலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரினைசான்ஸ் மெழுகு அந்த வகைதான். விரல் ரேகை படிவதையே அது தடுத்துவிடும்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வி: சுத்தம் செய்தாகிவிட்டது, வெடிக்கலாமா? அழுக்கு போனதால் குழலுக்கு வலிமை கூடிவிடாது. 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு சம குண்டு வார்க்கும்போது ஒரு குண்டின் விட்டம், 18.5 மில்லிமீட்டர். அந்த அளவு இன்றைக்கும் அதேதான் என்பதால் இன்றைய தோட்டா பழைய அறைக்குள் அழகாக நுழைந்துவிடும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய அறைகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டியவை. 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போகும், வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதோடு கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழலில் புகையில்லா மருந்தை வெடிப்பது, சோதனைச்சாலை பொறுப்பேற்காத ஒரு காரியம். உள்ளே குழிவிழுந்து, யாரோ ஒருவர் அதைத் தீட்டியும் இருந்தால், சுவரின் கனம் எவ்வளவு மிச்சம் என்று அதற்கான கருவியால் அளந்துதான் சொல்ல முடியும். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குக் கீழே போன குழலைப் பொதுவாக யாரும் ஏற்பதில்லை. இடது கை அந்தக் குழலைத்தான் பிடித்திருக்கும் என்பதை நினைத்தால், அளக்காமல் வெடிக்க மனம் வராது.

வெடிக்காத துப்பாக்கியும் அடுத்த தலைமுறைக்குப் போகலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமதாரர் எழுபது வயது நிறைந்தபின், அல்லது துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தபின், தன் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். 2019இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது, ஆகவே யார் பெயருக்கு எது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த விண்ணப்பத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு: சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படங்கள், முத்திரைகளின் குறிப்பு, கன்ஸ்மித் அளந்து கொடுத்த கனம், தோட்டா அறையின் நீளம், எந்த வருஷம் யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். பெரியவர் இருக்கும்போதே அவர் அருகில் உட்கார்ந்து, துப்பாக்கியை யார் எங்கே வாங்கினார், கட்டையில் இருக்கும் அந்த வெடிப்பு எப்படி வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அதே காகிதத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளலாம்.